கோழிக்கு ஆண்பால்

வீட்டில் மிக்ஸி சுற்றவில்லை என்றால் சங்கரன்கோவிலில் பாதிப் பேர் அதைக் கோழியிடம்தான் கொண்டுபோவார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் இதை முதல் தடவை கேட்கும்போது மாமியார் முகத்தை ஒருமாதிரிப் பார்ப்பதுண்டு. ஊர்க்காரர்களுக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், டேபிள் ஃபேன் எது புகைந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் கோழி கடை இருக்கிறது, அங்கே கொடுத்தால் சாயங்காலத்துக்குள் எரிந்துபோன காயிலைப் புதிதாகக் கட்டித் தந்துவிடுவார், அவ்வளவுதான் விஷயம்.

கோழி என்பவர் ஐம்பத்து நான்கு வயது மனிதர். பெற்றவர்கள் வைத்த பெயர் சங்கரபாண்டி. நல்ல உயரம், நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். கோழி வளர்த்தவரில்லை, விற்றவரில்லை. சொல்லப்போனால் கோழிக்கறி அவருக்கு ஒத்துக்கொள்ளாது, தின்றால் தோள்பட்டையெல்லாம் தடித்துவிடும். கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வந்த பெயிண்டர் ரொம்ப நல்லெண்ணத்தோடு, "அண்ணாச்சி, கீழ சின்னதா கோழின்னு போட்டுருவமா, ஆளுக தேடாம வருவாவ" என்று கேட்டான். அண்ணாச்சிக்கு வந்த கோபத்தில் தன் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 'ஸ்ரீ கோமதி எலக்ட்ரிகல்ஸ்' என்பதோடு பலகை முடிந்துபோனது. இருபத்தாறு வருஷமாக அந்தப் பலகையை அவரைத் தவிர வேறு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

இதனால் வந்த குழப்பங்கள் கொஞ்சமில்லை. ஒரு தடவை குருவிகுளத்திலிருந்து ஒரு அம்மா மிக்ஸியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "கோழி கடை எங்கன இருக்கு?" என்று கேட்டாள். கேட்கப்பட்டவன் அவளை நேரே மைதீன் பாட்சாவின் கறிக்கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டான். மைதீன் பாட்சா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பையை நீட்டி, "ரெண்டு நாளா கெர்ருனு ஒரு சத்தம் குடுத்துட்டு அடங்கிப் போவுது" என்றாள். "அப்ப சீக்குக் கோழியால்லா இருக்கும், இத வச்சு நான் என்னம்மா செய்ய?" என்றார் மைதீன் பாட்சா. பையைத் திறந்து பார்த்த பிறகு அவர் சிரித்த சிரிப்பை நிறுத்த அரைமணி நேரம் ஆனது. இன்னொரு தடவை, மகளுக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஒருவர் சங்கரபாண்டி கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, பத்தியச் சாறுக்கு நல்ல விடைக்கோழி ஒன்று பிடித்துத் தரச் சொன்னார். முட்டையிடத் தொடங்காத இளங்கோழியைத்தான் இந்தப் பக்கம் விடைக்கோழி என்பது. சங்கரபாண்டி பழுக்கக் காய்ந்த சோல்டரிங் கம்பியை எடுத்தார். ஸ்கூட்டர் போய்விட்டது.

அந்தச் சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோழி என்ற சொல் பார்ப்பதற்குத்தான் சாது. விடியுமுன் எழுந்தவர்கள், "கோழி கூப்பிட்டாச்சு" என்றால் அது சேவல். "கோழி நாலு நாளா முட்டையிடல" என்றால் அது பெட்டை. "இன்னைக்கு எங்க வீட்ல கோழி" என்றால் இரண்டும் இல்லை, குழம்பு. மைதீன் பாட்சா கடையில் அதற்கு இன்னும் ஒரு நெளிவு உண்டு. "சிக்கன் ஒரு கிலோ" என்று கேட்டால் பிராய்லர். "கோழி இருக்கா?" என்று கேட்டால் நாட்டுக்கோழி. ஒன்றையே இங்கிலீஷில் கேட்டால் வேறு சாமான் கிடைக்கிற கடை உலகத்தில் கறிக்கடை ஒன்றுதான். அரைக்கண் மூடிக்கொண்டே பஸ்ஸில் வருகிறவனுக்குக் கோழித்தூக்கம். டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டு கோழிக் கிறுக்கல். இவ்வளவு அர்த்தம் போதாதென்று சங்கரன்கோவில்காரர்கள் மிக்ஸி ரிப்பேர் செய்கிற மனிதர் என்று இன்னொன்றையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

வைக்காமலும் முடியாது. சங்கரநாராயணர் குடியிருக்கிற ஊரில் சங்கரன்களுக்கும் சங்கரபாண்டிகளுக்கும் பஞ்சமில்லை. அந்த வட்டாரத்தில் மட்டும் ஒன்பது சங்கரபாண்டிகள். பால் சங்கரபாண்டி, நெட்டை சங்கரபாண்டி, எல்.ஐ.சி. சங்கரபாண்டி, மிலிட்டரி சங்கரபாண்டி என்று ஆளுக்கொரு வால் இருந்தது. மற்றவர்களுக்கு வாலும் உண்டு, தலையும் உண்டு. நம்மவருக்கு மட்டும் தலையை எடுத்துவிட்டு வாலை வைத்துக்கொண்டார்கள். வெறும் கோழி. மனைவி முப்புடாதியைக் 'கோழி வீட்டக்கா' என்றார்கள். ஒரே மகள் யோகலட்சுமியைத் தெருவில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், இருபத்து நாலு வயதில் பாங்கு வேலைக்குப் போகிற பாப்பா. அடையாளம் சொல்ல வேண்டி வந்தால் 'கோழி வீட்டுப் பாப்பா.'

சங்கரபாண்டி இதையெல்லாம் காது கேட்காதவர் மாதிரி தள்ளிக்கொண்டுதான் வந்தார். யாராவது கோழி என்று கூப்பிட்டால் "ம்" என்பார். தன் வாயால் மட்டும் அந்தச் சொல்லைத் தன்னைக் குறித்துச் சொன்னதே இல்லை. போனில் "யாரு பேசுதது?" என்று கேட்டால், "சங்கரபாண்டி" என்பார். அந்தப் பக்கம், "எந்தச் சங்கரபாண்டி?" என்று கேட்பார்கள். "மிக்ஸி" என்பார். "ஓ, கோழியா" என்று அவர்களே முடித்துவைப்பார்கள்.

வினை நிச்சயதார்த்தத்தன்று வந்தது. மாப்பிள்ளை லிங்கேஷ் தென்காசிப் பையன், கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகநயினார் முப்பத்தைந்து வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் ழகரமும் ளகரமும் தனித்தனியாக வந்து விழும். அவர் எதிரில் உட்கார்ந்து, 'வாழைப்பழம்' என்று சொல்ல வேண்டி வந்ததற்கே சங்கரபாண்டிக்கு வேர்த்தது. தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆள் பழுதான கிரைண்டர் கல்லோடு வந்து நின்றான்.

"கோழி வீடு இதானே? கோழி இருக்காவளா?"

முப்புடாதி எழுந்து போய் அவனை ஏதோ சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, பார்வைக்கு ரொம்பச் சாதுவாக இருந்தவள், பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கோழிங்காவளே, என்னவாம்? சின்ன வயசுல எங்கயும் கோழி கீழி களவாண்டு மாட்டிக்கிட்டாரோ என்னமோ."

ஆறுமுகநயினார் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் அடங்கிவிட்டாள். ஆனால் சங்கரபாண்டிக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக ஒருத்தன் சாமானில் ஒரு ஸ்க்ரூ அதிகமாக எடுத்தவரில்லை. மகள் வாழப்போகிற வீட்டில் கோழி களவாண்டவன் மகள் என்று ஒரு பேச்சு ஓடினால் அவள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று அன்று முழுக்க மருகினார்.

"காரணத்த சொல்லிட்டா முடிஞ்சு போச்சுல்லா" என்றார் மைதீன் பாட்சா மறுநாள். அவருக்குக் காரணம் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது நடந்தது.

"களவாண்டேன்னே சொல்லிருவேன், அத சொல்ல மாட்டேன்" என்றார் சங்கரபாண்டி.

அது மூன்றாம் வகுப்புப் பரீட்சை. ஞானபூரணம் டீச்சர் பலகையில் பெண்பால் பெயர்களை எழுதிப்போட்டு, எதிரே ஆண்பால் எழுதச் சொல்லியிருந்தார்கள். அரசி, மாணவி, தோழி, கோழி. பையன் சங்கரபாண்டி யோசித்துத்தான் எழுதினான். அரசி அரசன். மாணவி மாணவன். தோழி தோழன். அடுத்ததில் அவன் பேனா நிற்கவே இல்லை. கோழி, கோழன்.

ஞானபூரணம் டீச்சர் விடைத்தாள் கொடுக்கும்போது அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார்கள். கெட்ட எண்ணமில்லை, அவர்களுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு நாள் அவன் பெயர் கோழன். மூன்றாம் நாள் யாரோ அதைச் சுருக்கிக் கோழி என்றார்கள். அதுவே நிலைத்துப்போனது. பிள்ளைகள் வளர்ந்து கடைக்காரர்களாகவும் தறிக்காரர்களாகவும் ஆனார்கள். காரணத்தை மறந்தார்கள், பெயரை மறக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கதை தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். அதை ஒரு தமிழாசிரியர் சம்பந்தியிடம் போய்ச் சொல்வதா? பரீட்சைத்தாளைத் திரும்பவும் நீட்டின மாதிரி ஆகிவிடாதா? சங்கரபாண்டிக்கு உடம்பு கூசியது.

ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கோழி பறந்தாக வேண்டும்.

பிரஸ் வைத்திருக்கிற ஏசுவடியான் ஊரில் பாதிப் பேருக்குப் பத்திரிகை அடித்தவர். சங்கரபாண்டி எழுதிக் கொடுத்த தாளை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, 'சங்கரபாண்டி, முப்புடாதி தம்பதியரின் செல்வப் புதல்வி யோகலட்சுமி'ன்னா ஊருல எவனுக்குத் தெரியும்? பிராக்கெட்டுக்குள்ள போட்டுருவோம். நெட்டையருக்கு நெட்டைன்னுதான் போட்டோம். அவரு சந்தோசமாத்தான் வாங்கிட்டுப் போனாரு."

"போடாதீரும்."

"கடைப் பேராவது?"

"எலக்ட்ரிகல்ஸ்னு போட்டா, ஊரு கோழின்னு வாசிக்கும். ஒண்ணும் வேண்டாம். பேரு மட்டும் போடும்."

"எழுத்துப் பெருசா?"

"பெருசா."

ஏசுவடியான் பெரிதாகத்தான் போட்டார். பொன் எழுத்தில் சங்கரபாண்டி என்று தன் பெயரைப் பார்த்தபோது நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, முப்புடாதியைக் கூப்பிட்டு, "ஏட்டி, பேரு எப்படி இருக்கு பாரு" என்றார். அவள் மகள் பெயரைச் சொல்கிறார் என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்றாள்.

வெளியூர்ச் சொந்தங்களுக்கெல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். அதற்கே ஒரு மாதம் ஓடிவிட்டது. உள்ளூருக்கு ஆள் வேண்டுமே. முப்புடாதியின் தம்பி ஆவுடையப்பன் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தான். பொறுப்பான ஆள், ஒரு குறையும் சொல்ல முடியாது. பத்திரிகைக் கட்டைப் பைக்கில் வைத்துக்கொண்டு மூன்று நாளில் ஐந்நூறு வீடு, கடை எல்லாம் ஏறி இறங்கினான். யாராவது, "எந்தச் சங்கரபாண்டி வீட்டு விசேஷம்?" என்று கேட்டால் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த பதில் ஒன்றுதான். "பத்திரிகைல போட்டிருக்கு, பாருங்க." கோழி என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்று மச்சான் கட்டாயமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆவுடையப்பன் திறக்கவில்லை.

கல்யாண நாள் வந்தது. ராஜபாளையம் ரோட்டில் மண்டபம். ஒன்பதரைக்கு முகூர்த்தம். எட்டு மணிக்கே தென்காசியிலிருந்து இரண்டு வேனும் ஒரு பஸ்ஸுமாக மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் வெளியூர்ச் சொந்தம் ஒரு நாற்பது பேர். உள்ளூர் என்று பார்த்தால் மைதீன் பாட்சாவும் அவர் வீட்டம்மாவும் வந்திருந்தார்கள். ஏசுவடியான் வந்திருந்தார். வேறு ஆள் இல்லை.

எட்டரை ஆயிற்று. பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் தங்களுக்கே தெளித்துக்கொண்டார்கள். சமையல்காரர் வெளியே வந்து, "அறுநூறு இலைக்குச் சொன்னீயளே" என்றார். அந்த அத்தை நாற்காலிகளை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஊருக்குள்ள மதிப்பு எப்படின்னு தெரியுதே" என்றாள். இந்தத் தடவை ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆறுமுகநயினார் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "உங்க ஆளுக வரட்டும்னு கொஞ்சம் பாப்பமா?"

சங்கரபாண்டி வாசலைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம். மழைக்குள் ஓடிப்போய் மோட்டார் போட்டுக் கொடுத்த வீடுகள், தீபாவளிக்கு முந்தின நாள் சாப்பிடாமல் உட்கார்ந்து கிரைண்டர் கட்டிக் கொடுத்த வீடுகள். ஒரு ஆள்கூட வரவில்லை. மேடையோர அறையிலிருந்து மணப்பெண் அலங்காரத்தோடு பாப்பா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் அவர் மண்டப வாசலுக்கு வந்துவிட்டார்.

மைதீன் பாட்சாவும் பின்னாலேயே வந்து, ஜவுளிக்கடை ஷீலாவுக்குப் போன் போட்டார். ஷீலாவின் கடையிலும் வீட்டிலும் ஓடுகிற ஃபேன் அத்தனையும் சங்கரபாண்டி கை பட்டவை. மைதீன் பாட்சா ஸ்பீக்கரில் போட்டார், சங்கரபாண்டியும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பத்திரிகை வந்துச்சு பாட்சாண்ணே. மிலிட்டரி சங்கரபாண்டி வீடுன்னு தூக்கிப் போட்டுட்டோம். எங்க வீட்டுத் தென்னமட்டை அவரு காம்பவுண்டுல விழுதுன்னு கேஸ் போட்ட மனுசன். அவரு வீட்டு விசேசத்துக்கு எவன் போவான்? தெருவுல யாருமே போகலல்லா."

"ஏம்மா, அது மிலிட்டரி இல்ல. இவன்."

"எவன்?"

"நம்ம கோழி. பாப்பாவுக்குக் கல்யாணம்."

ஷீலாவின் குரல் உடைந்து வந்தது.

"கோழியண்ணன் வீட்டுலயா? யோகலட்சுமின்னா நம்ம பாப்பான்னு யாருக்குத் தெரியும்? பாப்பாவுக்குக் கல்யாணம் வச்சிருக்காவ, நமக்கு ஒரு பத்திரிகை வைக்கலையேன்னு இந்தத் தெருவே மனக்கஷ்டத்துல இருக்கு. என் வீட்டுக்காரரு, கிரைண்டர் போனாலும் இனி அங்கன குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அவ்வளவு வருத்தம் எங்களுக்கு."

வராதவர்கள் பேரில் சங்கரபாண்டிக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்து, சந்தோஷமா வெட்கமா என்று தெரியாத ஒன்று மிஞ்சியது.

"நம்ம ஏரியா வாட்ஸ்அப் குரூப்புல முந்நூறு பேரு இருக்கான்" என்றார் மைதீன் பாட்சா. "இப்பவே வாய்ஸ் போட்டா வந்துருவானுவ."

"நீ போடு."

"நான் போட்டு? பொண்ணப் பெத்தவன் கூப்பிடாம, கறிக்கடைக்காரன் கூப்பிட்டான்னு கல்யாணத்துக்கு வருவானாலே? நீதான் பேசணும்."

சங்கரபாண்டி போனை வாங்கி அமுக்கிப் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கம். நான் சங்கரபாண்டி பேசுதேன்" என்றார். பிறகு விரலை எடுத்துவிட்டுத் தானே அதை அழித்தார். எந்தச் சங்கரபாண்டி என்று கேட்கப் போகிறார்கள். திரும்பிப் பார்த்தார். நாலடி தள்ளி ஆறுமுகநயினார் நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் அத்தை. தள்ளிப் போய்ப் பேசலாம். ஆனால் மணி எட்டே முக்கால். உள்ளே நாதஸ்வரக்காரர் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். சங்கரபாண்டி திரும்பவும் அமுக்கினார்.

"நான் கோழி பேசுதேன். மிக்ஸி ரிப்பேர் கோழி. இன்னைக்கு எம்மவ பாப்பாவுக்குக் கல்யாணம். ராஜபாளையம் ரோட்டு மண்டபத்துல. உங்க வீட்டுக்கு வந்த பத்திரிகை எங்க வீட்டுப் பத்திரிகைதான். கோழின்னு போட வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். தப்பு எம்மேலதான், ஆரும் மனசுல வைக்காதீங்க. ஒம்பதரைக்குத் தாலிகட்டு. கோழி கூப்பிடுதேன், எல்லாரும் வாங்க மக்கா."

அனுப்பிவிட்டுப் போனை மைதீன் பாட்சாவிடம் கொடுத்தார். சம்பந்தி பக்கம் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

ஒன்பது மணிக்கு முதல் பைக் வந்தது. ஒன்பதே காலுக்கு மண்டப வாசலில் பைக் நிறுத்த இடமில்லை. ஷீலா கடையைப் பாதி இறக்கிவிட்டு ஓடி வந்திருந்தாள். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் தலையில் பஞ்சோடு நின்றார்கள். வேட்டி தேட நேரமில்லாமல் கைலியோடு வந்த ஒருவர் கடைசி வரிசையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். நெட்டை சங்கரபாண்டியும் பால் சங்கரபாண்டியும் ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள். வந்தவன் ஒவ்வொருவனும், "ஏலே கோழி, நீ என்ன கிறுக்கனா?" என்று திட்டிவிட்டு, பிறகுதான் கையைப் பிடித்தான். மிலிட்டரி சங்கரபாண்டிகூட வந்துவிட்டார். தன் வீட்டு விசேஷம் என்று ஊரே நினைத்து, ஊரே வராமல் இருந்ததைக் கேள்விப்பட்டதில் அவர் கொஞ்சம் யோசனையாக இருந்தார்.

ஒன்பதரைக்குக் கெட்டிமேளம் கொட்டினபோது சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். சங்கரபாண்டி அட்சதை போட்டபோது அழுதார். மகள் போகிறாளே என்று அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி உண்மை.

எல்லாம் ஓய்ந்து மேடையை விட்டு இறங்கும்போது ஆறுமுகநயினார் அவரைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். அத்தையும் தானாகவே கூட வந்தாள்.

"கேக்கக் கூடாதுதான். இவ்வளவு பேரு பிரியமாக் கூப்பிடுத பேரு. அத ஏன் எடுக்கச் சொன்னீங்க? எப்படி வந்தது அது?"

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சங்கரபாண்டிக்குத் தோன்றிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அரசி, மாணவி, தோழி, கோழி எல்லாவற்றையும் சொன்னார். கோழனையும் விடவில்லை.

ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. விரலை மடக்கி ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"தோழி தோழன்னா கோழி கோழன்தான். விதி சரியாத்தானே இருக்கு. சேவல்னு ஒண்ண இடையில கொண்டுவந்து வச்சது மொழியோட குத்தம், பிள்ளையோட குத்தமா?" என்றார். "அதுக்கு அந்த டீச்சர் என்ன மார்க்கு போட்டாங்க?"

"முட்டை" என்றார் சங்கரபாண்டி.

முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு ஆறுமுகநயினார் சிரித்தார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் சங்கரபாண்டிக்கும் வந்துவிட்டது. நாற்பத்தாறு வருஷத்தில் அந்தக் கதைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறுமுகநயினார் சொன்னார். "ஊரு எப்படியும் கூப்பிடட்டும். நான் உங்களப் பேரு சொல்லித்தான் கூப்பிடப் போறேன். சம்பந்தின்னு பொதுவாகூடச் சொல்ல மாட்டேன். அந்த முட்டைக்கு ஒரு வாத்தியாரு செய்யுத பரிகாரம்னு வச்சுக்கிடுங்க."

சங்கரபாண்டி தலையை ஆட்டினார். அவர் ஆசைப்பட்டதும் அதற்குத்தானே. பொன் எழுத்தில் அடித்தும் கிடைக்காதது, ஒரு தமிழாசிரியர் வாயால் கிடைத்துவிட்டது. நெஞ்சு நிறைந்துபோய்ப் பந்திக்குப் போனார்.

பந்தியில் ஆறுமுகநயினார் தன் பக்கத்தில் ஒரு இலையைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கரபாண்டி இரண்டு வரிசை தள்ளி, ஷீலாவின் வீட்டுக்காரர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொல்லி வம்பு செய்துகொண்டு நின்றார்.

"சங்கரபாண்டி" என்று கூப்பிட்டார் ஆறுமுகநயினார். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது.

அவர் திரும்பவில்லை.

"சங்கரபாண்டி, இங்கன வாங்க, உக்காருங்க." இந்தத் தடவை பந்தி முழுக்கக் கேட்டது. எதிர்வரிசையில் பால் சங்கரபாண்டி, "என்னையா?" என்று கேட்டார். தூணோரம் நெட்டை சங்கரபாண்டியும் நிமிர்ந்தார். வாசலில் மிலிட்டரிகூட நின்று பார்த்தார். கூப்பிடப்பட்டவர் மட்டும் பாயசத்திலேயே குறியாக இருந்தார். ஆறுமுகநயினார் மூன்றாவது தடவையும் கூப்பிட்டுப் பார்த்தார்.

பிறகு பக்கத்தில் இருந்த அத்தையை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ழகரத்தை அவருக்கே உரிய சுத்தத்தோடு சொன்னார்.

"கோழி."

"இந்தா வாரேன்" என்று சங்கரபாண்டி சட்டென்று திரும்பினார்.